ஒரே நாடு ஒரே சந்தா வந்த பிறகு: அறிவியல், பொறியியல் நூலகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜனவரி முதல் அரசுப் பல்கலைக்கழகங்களின் அறிவியல், பொறியியல் நூலகங்களில் பெரிய மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. புதுக் கட்டடமோ புது அலமாரியோ வரவில்லை என்பதால் பலருக்கு அது தெரியவே இல்லை. பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலை பார்க்கும் நான், மாணவர்களும் ஆய்வாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் கல்லூரி நூலகத்தில் நடைமுறை கொஞ்சம் மாறலாம், அடிப்படை ஒன்றுதான்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்றால் என்ன?

உலகின் முக்கியமான ஆய்விதழ்களுக்கு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகச் சந்தா கட்டாமல், மத்திய அரசே மொத்தமாகக் கட்டும் திட்டம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். 6,300க்கும் அதிகமான அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் இதில் அடக்கம். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம்தான் இதை நடத்துகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 2,000 கோடி, 1.8 கோடி பேர். தலைக்கு ஏறக்குறைய 1,100 ரூபாய். ஒரே ஒரு கட்டுரையைத் தனியாக வாங்கப் போனால் 30, 40 டாலர் கேட்கும் பதிப்பகங்கள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது ஆண்டில் ஒரு கட்டுரை படித்தாலே உங்கள் பங்குக்குக் கட்டிய பணம் திரும்பி வந்துவிடும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் முன்பே ஆன்லைன் ஜர்னல் இருந்ததே. என்ன வித்தியாசம்?

இருந்தது. ஆனால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பது நீங்கள் எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ், சேர்ந்து சந்தா கட்டும் பத்து நூலகக் கூட்டமைப்புகள் தனித்தனியாக இயங்கின. உயர்கல்விக்கென இருந்த மூன்று ஏற்பாடுகள் 2015இல் இ-ஷோத்சிந்து என்ற பெயரில் ஒன்றாயின. அப்போதும் ஐஐடிக்கு ஒரு பட்டியல், மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பட்டியல், கல்லூரிக்கு இன்னொன்று. அதற்கு மேல் வேண்டுமென்றால் நிறுவனமே சொந்தக் காசு போட வேண்டும்.

இப்போது பட்டியல் ஒன்றுதான். சென்னை ஐஐடியில் இருப்பவர் திறக்கும் அதே கட்டுரையைத் திட்டத்தில் சேர்ந்துள்ள ஒரு சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவியும் திறக்கலாம். எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். நல்ல ஆய்விதழைப் படிப்பதற்காகவே ஊரை விட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போன தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன். நண்பரின் நண்பருக்கு மெயில் போட்டு, ஒரு வாரம் காத்திருந்து, வந்த பிடிஎஃப் வேறு கட்டுரையாக இருந்து ஏமாந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என் துறைக்கு என்ன கிடைக்கும்?

எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய நான்கும் எல்லாத் துறைக்கும் பொது. மின்னியல், மின்னணுவியல் என்றால் ஐஇஇஇ. வேதியியலுக்கு அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழ்கள், கணிதத்துக்கு அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் இதழ்கள். சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கு அந்தந்தத் துறையின் அமெரிக்கப் பொறியாளர் சங்க இதழ்கள். கணினி அறிவியலுக்கு ஏசிஎம். அந்தச் சங்கம் 2026 ஜனவரியிலிருந்து தன் வெளியீடுகள் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது என்பது கூடுதல் நல்ல செய்தி.

ஒன்றைக் கவனியுங்கள். இது ஆய்விதழ்களுக்கான சந்தா. பாடப்புத்தகங்கள் இதில் வராது. அவை உங்கள் நூலகம் தனியாக வாங்கியதைப் பொறுத்தவை.

எப்படித் திறப்பது? வளாகத்துக்குள் மட்டும்தானா?

வளாகத்துக்குள் என்றால் எதுவும் செய்ய வேண்டாம். கல்லூரி இணையத்தில் இருந்துகொண்டு பதிப்பகத்தின் தளத்துக்குப் போனால், உங்கள் ஐபி முகவரியை வைத்தே அது அடையாளம் கண்டுகொள்ளும். கடவுச்சொல் கேட்காது. இங்கே பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு மொபைல் டேட்டாவில் தேடுவார்கள். டேட்டாவில் இருந்தால் நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது பதிப்பகத்துக்குத் தெரியாது. காசு கேட்கும். கல்லூரி வைஃபைக்கு மாறுங்கள்.

வீட்டில் இருக்கும்போது, அல்லது விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கும்போது, இன்ஃபெட் என்ற வழி இருக்கிறது. இன்ஃப்ளிப்நெட் நடத்தும் உள்நுழைவு ஏற்பாடு அது. உங்கள் நிறுவனம் அதில் சேர்ந்திருக்க வேண்டும், நூலகம் உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கித் தந்திருக்க வேண்டும். இரண்டும் முடிந்திருந்தால், பதிப்பகத் தளத்தில் ‘நிறுவனம் வழியாக நுழைய’ என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக் கல்லூரிப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே போய்விடலாம்.

கணக்கு இன்னும் வரவில்லையென்றால் நூலகத்தில் போய்க் கேளுங்கள். பி.எச்டி. ஆய்வாளர்களுக்கு மட்டும்தான் தருவார்கள் என்று இளநிலை மாணவர்கள் தாங்களே நினைத்துக்கொண்டு கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். திட்டம் அப்படிச் சொல்லவில்லை. மாணவர்கள் எல்லோரும் அந்த 1.8 கோடியில் அடக்கம்.

கல்லூரி வைஃபையில்தான் இருக்கிறேன். அப்போதும் காசு கேட்கிறதே?

மூன்று காரணங்கள் இருக்கலாம். அந்தப் பதிப்பகம் முப்பதில் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். பதிப்பகம் பட்டியலில் இருந்து, அந்த ஒரு இதழோ அதன் மிகப் பழைய தொகுதிகளோ சந்தாவுக்குள் வராமல் இருக்கலாம். அல்லது உங்கள் கல்லூரியின் ஐபி முகவரி மாறி, புதிய முகவரி பதிவாகாமல் இருக்கலாம். மூன்றாவதை நூலகர் சொன்னால்தான் சரிசெய்ய முடியும். அதனால் திரையைப் படம் எடுத்து, கட்டுரையின் டிஓஐ எண்ணுடன் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக உள்ள அடையாள எண்) அனுப்புங்கள். ‘ஜர்னல் ஓப்பன் ஆகல சார்’ என்று மட்டும் சொன்னால் எங்களால் கண்டுபிடிக்க முடியாது.

உண்மையிலேயே சந்தாவில் இல்லாத கட்டுரை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்றால் முதலில் ஆர்க்கைவில் தேடுங்கள். 1991இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கி, பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறிய அந்தக் களஞ்சியத்தில், அச்சுக்குப் போகும் முன்பே கட்டுரைகளைப் போட்டுவைக்கும் வழக்கம் இருக்கிறது. உயிரியல், மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் களஞ்சியம். உலாவியில் அன்பேவால் நீட்டிப்பைச் சேர்த்துக்கொண்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி வேறு எங்காவது இருந்தால் அதுவே காட்டிவிடும். அப்படியும் கிடைக்கவில்லையென்றால் கட்டுரையாசிரியருக்கு நான்கு வரியில் மெயில் எழுதுங்கள். யார் நீங்கள், எதற்காக வேண்டும் என்று சொன்னால் போதும். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாக அனுப்புகிறார்கள், தங்கள் கட்டுரையை ஒருவர் தேடிப் படிக்கிறார் என்பது அவர்களுக்கும் பெரிய விஷயம்.

திடீரென்று வளாகம் முழுக்க ஒரு பதிப்பகத்தின் தளம் திறக்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் யாரோ ஒருவர் ஒரு இதழின் பல ஆண்டுத் தொகுதிகளை மொத்தமாக இறக்கப் பார்த்திருப்பார். நிரல் எழுதியோ, இறக்குவதற்கான மென்பொருளை வைத்தோ நூற்றுக்கணக்கான கோப்புகளைச் சில நிமிடங்களில் எடுத்தால், பதிப்பகத்தின் கணினி அதைக் கண்டுபிடித்து அந்த ஐபி முகவரியையே முடக்கிவிடும். ஒருவர் செய்ததற்கு மொத்த வளாகமும் வெளியே நிற்கும், விளக்கக் கடிதம் எழுதி மீட்க நாள்கணக்கில் ஆகும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் இப்படி நடந்து, ஆய்வாளர்கள் தவித்ததை நேரில் பார்த்தேன். தரவுப் பகுப்பாய்வுக்காக நிஜமாகவே ஆயிரக்கணக்கான கட்டுரைகள் தேவைப்பட்டால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். பதிப்பகங்களே அதற்குத் தனி வழி வைத்திருக்கின்றன.

நான் தனியார் பொறியியல் கல்லூரியில் படிக்கிறேன். எனக்கு உண்டா?

முதல் கட்டத்தில் மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்கள் மட்டும்தான். தமிழ்நாட்டில் பொறியியல் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே வாங்கினாலும், இணைப்புக் கல்லூரி தனியாருடையது என்றால் அங்கே இந்தச் சந்தா இல்லை. இது சரியில்லை என்பதே என் கருத்து. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளமானோர் அந்தக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை இவை. மேலே சொன்ன ஆர்க்கைவ், அன்பேவால் எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். திறந்த அணுக்க இதழ்களின், அதாவது யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய இதழ்களின், அடைவான டிஓஏஜே 2003 முதல் இருக்கிறது, அதில் உள்ளவை எல்லாமே இலவசம். உங்கள் கல்லூரி டெல்நெட்டில் உறுப்பினரா என்று விசாரியுங்கள், உறுப்பினர் நூலகங்கள் ஒன்றுக்கொன்று புத்தகமும் கட்டுரையும் தந்துதவும் ஏற்பாடு அது. புத்தகங்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும், 2023 ஜூலையில் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். எந்தக் கல்லூரி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பைண்டு வால்யூம்களை எங்கே கொண்டுபோனீர்கள்? நூலகத்துக்கு நேரில் வர வேண்டிய தேவை இனி உண்டா?

பல அறிவியல் நூலகங்களில் வாசிப்புக் கூடத்தில் இருந்த பைண்டு வால்யூம்கள், அதாவது ஆண்டுவாரியாகக் கட்டிவைத்த பழைய அச்சு இதழ்கள், பின்கூடத்துக்கோ தனிச் சேமிப்பு அறைக்கோ போய்விட்டன. காலியான இடத்தில் மேசையும் மின்னிணைப்பும் வந்திருக்கின்றன. இடத்துக்கு இருக்கும் நெருக்கடியில் அது நியாயம்தான். ஆனால் அவற்றை எடைக்குப் போட்டுவிடக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பழைய தொகுதிகள் பலவற்றுக்குச் சந்தாவில் இடமில்லை. மடித்து ஒட்டிய பெரிய வரைபடங்களை ஸ்கேன் செய்யும்போது பாதி எழுத்து படிக்க முடியாமல் போகிறது. இந்தியச் சங்கங்கள் வெளியிட்ட பழைய இதழ்கள் சிலவற்றின் முழு வரிசை சில நூலகங்களில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. கோரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவோம். கேட்பவர்கள் இருந்தால்தான் அவற்றை வைத்திருக்கவும் எங்களால் வாதாட முடியும்.

நேரில் வர வேண்டுமா என்றால், வர வேண்டும், ஆளைப் பார்க்க. எங்கள் தொழிலில் எல்லோரும் வணங்கும் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. மூன்று நாள் தேடியும் கிடைக்காததை என்னிடம் கேட்கத் தயங்கி நான்காவது நாளும் தேடுகிற மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. எந்தத் துறை, என்ன தேடினீர்கள், எங்கே தேடினீர்கள் என்று மூன்று வரி சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் முடியக்கூடிய வேலை அது.

ஜர்னல் கட்டுரை எனக்குப் புரியவே இல்லை. நான் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி.

அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆய்வுக் கட்டுரை அதே துறையில் பழுத்தவர்களுக்காக எழுதப்படுவது. சி.வி. ராமன் 1934இல் நிறுவிய, பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாதமி 1996 முதல் ‘ரெசோனன்ஸ்’ என்ற இதழை நடத்துகிறது. இளநிலை மாணவர்களுக்காகவே எழுதப்படுவது, அகாதமியின் தளத்தில் இலவசம். அதில் தொடங்குங்கள். அப்புறம் உங்கள் தலைப்பில் ஒரு மீள்பார்வைக் கட்டுரையை (அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது) எடுத்து முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் படியுங்கள். நேராக ஆய்வுக் கட்டுரைக்குள் குதித்துப் பயந்து ஓடிவிட வேண்டாம்.

ஆய்விதழ் தவிர வேறு என்ன இருக்கிறது?

பொறியியல் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது தர ஆவணங்கள். கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456, எஃகுக் கட்டுமானத்துக்கு ஐஎஸ் 800, நிலநடுக்கத்துக்கு ஐஎஸ் 1893. ஒருகாலத்தில் விலை கொடுத்து வாங்கி, நூலகத்தில் பூட்டிவைத்து, ஜெராக்ஸின் ஜெராக்ஸைப் படித்தார்கள். இப்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டு இந்தியத் தரங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கைமாறிக் கைமாறி வந்த பழைய பதிப்பை வைத்து வடிவமைப்புக் கணக்குப் போடுவது ஆபத்து, தளத்தில் நடப்புப் பதிப்பு எது என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து, காப்புரிமை ஆவணங்கள். புராஜெக்டுக்கு ஐடியா தேடும்போது கட்டுரைகளில் இல்லாத செய்முறை விவரங்கள் அங்கே கிடைக்கும், படங்களுடன். கூகுள் பேட்டன்ட்ஸிலும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளத்திலும் பார்க்கலாம். ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பி.எச்டி. ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் அங்கே முழுமையாக இருக்கின்றன. உங்கள் தலைப்பை வேறு யாராவது ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று கைடு கேட்பதற்கு முன்பே நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

ஏஐ கொடுத்த மேற்கோள் பட்டியலில் இருக்கும் கட்டுரை நூலகத்தில் கிடைக்கவில்லை. சந்தா இல்லையா?

சந்தா அல்ல, அந்தக் கட்டுரையே இல்லாமல் இருக்கலாம். இந்தக் கேள்வி இப்போது மிக அதிகமாக வருகிறது. சாட்ஜிபிடி போன்ற கருவிகள் நிஜமான ஆசிரியர் பெயர், நிஜமான இதழ், பொருத்தமான தலைப்பு எல்லாவற்றையும் சேர்த்து, உலகில் இல்லாத கட்டுரையைத் தரக்கூடும். சரிபார்ப்பது எளிது. டிஓஐ எண்ணை அதற்கான தளத்தில் இட்டுப் பாருங்கள், அல்லது தலைப்பை அப்படியே, டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் தேடுங்கள். இரண்டிலும் இல்லையென்றால், அந்த இதழின் அந்தத் தொகுதியைத் திறந்து பக்க எண்ணைப் பாருங்கள். அங்கே வேறு கட்டுரை இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

ஒரு கட்டுரையை நீங்கள் திறந்து படிக்கவில்லையென்றால் அதை மேற்கோள் பட்டியலில் போடாதீர்கள். ஏஐ வருவதற்கு முன்பும் இதையேதான் சொன்னோம். இன்னொன்று: சந்தாவில் இறக்கிய பிடிஎஃப்பை வெளி ஏஐ தளங்களில் ஏற்றுவதைப் பல பதிப்பகங்களின் உரிம விதிகள் அனுமதிப்பதில்லை. ஏற்றுவதற்கு முன் கேளுங்கள்.

சை-ஹப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

சை-ஹப் என்பது பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் கட்டுரைகளை இலவசமாகத் தரும் தளம். பல ஆண்டுகள் நம் ஆய்வாளர்கள் அதை நம்பித்தான் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவர்களைக் குற்றவாளிகள் போலப் பேச நான் தயாரில்லை. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் மூன்று பதிப்பகங்கள் 2020இல் தொடுத்த வழக்கில், அந்தத் தளத்தை முடக்க டெல்லி உயர்நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அரசுக் கல்லூரியில் இருப்பவருக்கு இப்போது நேர்வழியே திறந்திருக்கிறது.

கட்டுரை வெளியிட நூலகம் உதவுமா?

உதவும். கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில் வெளியிட இதழ்கள் ஆசிரியரிடமே கட்டணம் கேட்பதுண்டு. தேர்ந்தெடுத்த நல்ல இதழ்களுக்கு அந்தக் கட்டணத்தைத் தர, இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனால் சொந்தப் பணத்தைக் கட்டும் முன் நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நல்ல இதழ் எது என்று காட்டிவந்த யுஜிசி-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டுவிட்டது. இனி நீங்களும் கைடும்தான் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ‘மூன்று நாளில் ஏற்பு’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கருத்துத் திருட்டுச் சோதனையைப் பொறுத்தவரை, 2018 யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின நாள் ஓடிவராமல், வரைவு நிலையிலேயே கொண்டுவாருங்கள்.

தமிழ்வழியில் பொறியியல் படிக்கிறேன். எனக்கு என்ன இருக்கிறது?

அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் நடத்திவருகிறது. அதற்கு ஏற்ற அளவுக்கு நூல்கள் நூலகத்தில் சேரவில்லை என்பது வருத்தமான உண்மை. ஏஐசிடிஇ-யின் இ-கும்ப் தளத்தில் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பொறியியல் பாடநூல்கள் இலவசமாக இருக்கின்றன, முதலில் அவற்றை எடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அறிவியல் நூல்களும் கலைச்சொல் தொகுப்புகளும் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியத் தொகுதிகள் உங்கள் நூலகத்தின் ரெஃபரன்ஸ் பிரிவில் இருக்கக்கூடும். வாங்க வேண்டிய தமிழ் நூல் உங்களுக்குத் தெரிந்தால் பரிந்துரைப் படிவத்தில் எழுதித் தாருங்கள். மாணவர் கையெழுத்துடன் வரும் பரிந்துரைக்கு வாங்கும் குழுவில் தனி மதிப்பு உண்டு.

2027க்குப் பிறகு இந்தச் சந்தா தொடருமா?

இப்போது ஒப்புதல் கிடைத்திருப்பது 2027 வரைக்கும்தான். நிறுவனங்கள் எந்த அளவுக்குப் பயன்படுத்துகின்றன என்பதை அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் அவ்வப்போது மதிப்பிடும் என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை நீங்கள் கட்டுரையைத் திறக்கும்போதும் அது உங்கள் கல்லூரியின் கணக்கில் ஏறுகிறது. ஆகவே வகுப்புக் குழுவில் யாராவது பிடிஎஃப்பை அனுப்பினால், அதற்குப் பதில் சுட்டியை அனுப்பச் சொல்லுங்கள். நாற்பது பேர் ஒரே பிடிஎஃப்பைப் படித்தால் கணக்கில் ஏறுவது ஒன்று. நாற்பது பேரும் சுட்டியைத் திறந்தால் நாற்பது.